திருப்பூருக்குப் போகலாம், அந்தப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

வக்கீலான எனக்கு வாசகி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பேரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. தென் மாவட்டத்தில் சிறிய ஊர். கல்யாணமாகி 12 வருடம். கணவர் சொந்தமாகக் குட்டி யானை வைத்து லோடு ஓட்டுகிறார். ஆரம்பத்தில் சனிக்கிழமை மட்டும் இருந்த குடி இப்போது தினமும் ஆகிவிட்டது, கூடவே அடியும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் நெற்றியில் நாலு தையல். அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது கணவர் பக்கத்திலேயே நின்றதால் "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். மகள் நாலாம் வகுப்பு, மகனுக்கு நாலே முக்கால் வயது. கல்யாணத்துக்குப் போட்ட 15 பவுனில் 11 பவுன் கூட்டுறவு வங்கியில் கணவர் பேரில் அடகில் கிடக்கிறது. மகளிர் குழுவில் இவர் பேரில் எடுத்த 60,000 ரூபாய் கடன் வண்டியின் இன்ஜின் வேலைக்கும் டயருக்கும் போய்விட்டது. குடியிருக்கும் வீடு மாமியார் பேரில்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பள்ளித்தோழி, செக்கிங் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கையில் யாருக்கும் தெரியாமல் சேர்த்த 28,000 ரூபாய். அண்ணன், "வெளியே போனா ஒரு உரிமையும் கிடையாது, சம்பாதிக்க ஆரம்பிச்சா ஜீவனாம்சமும் வராது, பொறுத்துப் போ" என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் வேறு தீர்வு வைத்திருக்கிறார்கள்: முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது; இவருக்கு 2 லட்சம், பெண் பிள்ளை இவரோடு, பையன் அப்பாவோடு, இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை. கணவரோ, "பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போனா கடத்தல் கேஸ் போடுவேன்" என்கிறார். "விவாகரத்து வாங்காமல் வேற ஊர்ல தனியா வாழ சட்டம் விடுமா மேடம்? போறதா, இங்கேயே இருந்து போராடுறதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். விடும். கணவரை விட்டுத் தனியாக வாழ ஒரு பெண் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கோர்ட்டிடமும் வேண்டாம், போலீஸிடமும் வேண்டாம், ஊரிடமும் வேண்டாம். விவாகரத்து என்பது திருமணத்தை முடிப்பதற்கான வழக்கு. தனியாக வீடு எடுத்துக் குடியிருப்பது அதில் சேராது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, "டைவர்ஸ் கிடைக்கட்டும், அப்புறம் போகலாம்" என்று அடி வாங்கிக்கொண்டே வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

அண்ணன் சொன்னதில் பாதி தவறு, பாதி அரைகுறை. வீட்டை விட்டு வெளியே வந்தால் உரிமை போய்விடும் என்பது தவறு. உங்களைப் போலக் கொடுமை தாங்காமல் வெளியேறுபவர்களையும் மனதில் வைத்துத்தான் 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. கணவரோடு இப்போது ஒரே வீட்டில் இருந்தால்தான் மனுப் போடலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. முன்பு சேர்ந்து வாழ்ந்திருந்தாலே போதும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனுப் போடலாம். அதாவது வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டாம். திருப்பூர் கோர்ட்டிலேயே போடலாம், அவர்தான் வர வேண்டும்.

"கணவனை விட்டு ஓடிப்போனவள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். சொல்லட்டும். கைவிட்டுப் போனார் என்று காட்டி விவாகரத்து வாங்க, இந்து திருமணச் சட்டப்படி தொடர்ந்து 2 வருடம் பிரிந்திருக்க வேண்டும், அதுவும் நியாயமான காரணம் இல்லாமல் போயிருக்க வேண்டும். நெற்றியில் தையல் போட்டவருக்குக் காரணம் இல்லை என்று எந்த நீதிபதியிடம் சொல்ல முடியும்? "சேர்ந்து வாழ வா" என்று அவர் ஒரு வழக்குப் போட்டுத் தீர்ப்பே வாங்கினாலும், போகாமல் இருக்கத் தகுந்த காரணம் இருந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

சம்பாதித்தால் ஜீவனாம்சம் வராது என்பது அரைகுறை. உங்கள் சம்பளத்தைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளும், தொகை அதற்குத் தகுந்தபடி குறையலாம். ஆனால் வேலைக்குப் போகிறார் என்பதற்காகவே மனுவைத் தள்ள முடியாது. பிள்ளைகளுக்கான பணம் தனி, நீங்கள் சம்பாதிப்பதால் அப்பாவின் பொறுப்பு போய்விடாது. அதனால் வேலையை மறைக்காதீர்கள். இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மறைத்தது பின்னால் தெரிந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் அடிபட்டுப் போகும். அதே தீர்ப்பில் உங்களுக்குச் சாதகமான வரி ஒன்றும் உண்டு, ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு. ஆகவே போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த ஒரு வருடப் பணம் போனது போனதுதான்.

அந்தப் பத்திரம்

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த இடம் இதுதான், நீங்களோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் பெரியவர்கள் முன்னால் அத்துவிடுவது பழைய பழக்கம். சில சமூகங்களில் வழிவழியாக வந்த வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபித்தால் அதற்கு மதிப்பு உண்டு. நிரூபிப்பது லேசு இல்லை. மற்றவர்களுக்கு அது வெறும் தாள், நோட்டரி முத்திரை குத்தினாலும் அப்படித்தான். கையெழுத்துப் போட்ட மறுநாளும் நீங்கள் சட்டப்படி அவர் மனைவி. அவர் அந்தத் தாளை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது குற்றம்.

"அப்படியானால் போட்டுவிட்டு 2 லட்சத்தை வாங்கிக்கொள்கிறேனே, செல்லாத தாள்தானே?" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். திருமணத்தை முடிக்க உதவாத அதே தாள், உங்களுக்கு எதிரான சாட்சியாக நன்றாகவே உதவும். மனம் ஒத்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144-ஆம் பிரிவு). அவர் வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார். ஜீவனாம்ச உரிமையை ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று நாங்கள் வாதாடுவோம், பெரும்பாலும் ஜெயிப்போம். ஆனால் இடையில் மாதங்கள் ஓடும். அதைவிட முக்கியம், மகனை அப்பாவிடம் விட நீங்களே ஒப்புக்கொண்டதாக அதில் இருக்கிறது. பிள்ளை விஷயத்தில் அப்படி ஒரு வரியை எழுதிக் கொடுத்த பிறகு அதைத் திருப்ப நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். "சரிங்க, பேசி முடிச்சுக்கலாம், ஆனா கோர்ட்டுலயே எழுதிக்கலாம்" என்று சொல்லுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து என்று முறையான வழியே இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம், வழக்கமான 6 மாதக் காத்திருப்பைக்கூடத் தகுந்த வழக்கில் கோர்ட் தளர்த்தலாம். அந்த ஒரு வருடக் கணக்கு நீங்கள் திருப்பூர் போன அன்றே ஓடத் தொடங்கிவிடும். தொகையையும் அப்போது பேசிக்கொள்ளலாம். 11 பவுன் அடகில் இருக்கும்போது 2 லட்சம் என்பது இன்றைய தங்க விலைக்கு என்ன கணக்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள்

தாய் தன் பிள்ளைகளைத் தன்னோடு அழைத்துப் போவது கடத்தல் ஆகாது. பிள்ளைகளை இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு எதுவும் இப்போது இல்லை, அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் கால் இல்லை. அவர் செய்யக்கூடியது வேறு: உங்கள் ஊர் ஸ்டேஷனில் 'வுமன் மிஸ்ஸிங்' புகார் கொடுப்பார். எஃப்ஐஆர் போட்டுத் தேடுவார்கள், திருப்பூருக்கும் போன் வரும். பயப்படாதீர்கள், ஆனால் முந்திக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த அன்றோ மறுநாளோ, "கணவரின் அடி தாங்காமல் என் சொந்த விருப்பத்தில் இரண்டு பிள்ளைகளோடு வெளியேறி இருக்கிறேன், பத்திரமாக இருக்கிறேன், யாரும் என்னைக் கடத்தவில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஊர் இன்ஸ்பெக்டருக்கும் மாவட்ட எஸ்பிக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் கூப்பிட்டால் போய் அதையே சொல்லுங்கள். வயது வந்த பெண்ணை விருப்பத்துக்கு மாறாகக் கணவரோடு அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இல்லை. "ஒரு தடவை போய்ட்டு வந்துடும்மா, நாங்க பேசி வைக்கிறோம்" என்று நல்ல மனசோடு சொல்லும் போலீஸ்காரர்கள் உண்டு. அவர்களிடமும் மறுக்கலாம்.

மகனுக்கு 5 வயது ஆகிவிட்டால் அப்பாவுக்குப் போய்விடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 5 வயது வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். 5 முடிந்த பிறகு தானாக அப்பா பக்கம் மாறும் என்று எதுவும் இல்லை. பிள்ளையின் நலம் எங்கே என்று மட்டும்தான் கோர்ட் பார்க்கும். நலம் என்றால் பணம் மட்டும் இல்லை, யார் குளிப்பாட்டிச் சாப்பாடு போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பதும் சேர்ந்தது. அதனால் "முதல்ல நானும் பொண்ணும் போய் நிலைச்சுட்டு, அப்புறமா பையனைக் கூட்டிக்கிறேன்" என்ற உங்கள் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆறு மாதம் அங்கே விட்ட பிள்ளையை ஆறாவது மாதம் கேட்டால், "இங்கே நல்லா இருக்கான், பள்ளி மாற்ற வேண்டாமே" என்ற வாதம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். போனால் மூன்று பேருமாகப் போங்கள்.

அதே சமயம், அப்பாவைப் பார்க்கவே விட மாட்டேன் என்று நிற்காதீர்கள். பாட்டியோடு போனில் பேச விடுங்கள், உங்களுக்குப் பாதுகாப்பான விதத்தில். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கில் அந்தப் பெருந்தன்மை உங்கள் பக்கம் பேசும். பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள்.

பள்ளி விஷயம் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தலைமை ஆசிரியர் கேட்டவுடன் டிசி கொடுக்க வேண்டும். டிசி வரத் தாமதம் என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளக் கூடாது. நடைமுறையில் ஒரு முடிச்சு இருக்கிறது, பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்கு இருக்கும் எண்) பழைய பள்ளி 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தலைமை ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள், அவர் மறுத்தால் புதிய பள்ளியே கல்வி அலுவலகம் வழியாகக் கேட்டு வாங்கலாம். அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும், காலை எட்டரைக்குக் கம்பெனிக்கு ஓட வேண்டியவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று போனதும் தெரியும். மகனுக்கு அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் அது மாலை வரை இல்லை. அங்கே விட்டது முதல் நீங்கள் வீடு திரும்புவது வரை யார் பார்த்துக்கொள்வார் என்பதை இப்போதே தோழியிடம் கேளுங்கள். சில கம்பெனிகளில் குழந்தைகள் காப்பகம் உண்டு. சம்பளம் கொஞ்சம் குறைவானாலும் முதல் வருடம் அப்படிப்பட்ட கம்பெனி நல்லது.

போவதா, இருப்பதா

இருந்து போராடவும் சட்டத்தில் வழி இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் போ என்று சொல்வது நியாயமில்லை. வீடு மாமியார் பேரில் இருப்பதால் உங்களுக்கு அங்கே இடமில்லை என்பது பழைய கதை. கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடு உறவினர் பேரில் இருந்தாலும் மனைவி குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோர்ட் உத்தரவோடு அதே வீட்டில் இருக்கலாம். ஆனால் உத்தரவை மதிக்கிற ஆளுக்குத்தான் உத்தரவு, ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறவரிடம் அதை எடுத்துப் படித்துக் காட்ட முடியாது. பொருளாதாரமாக வேறு போக்கிடமே இல்லாதவருக்கு அந்த வழியைச் சொல்வேன். உங்களுக்கு வேலை இருக்கிறது, தோழி இருக்கிறார். அந்த வீட்டுக்குப் பதிலாக வேறு வீட்டு வாடகையைக் கணவரே கொடுக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் கேட்கலாம், நான் உங்களுக்கு அதைத்தான் கேட்பேன்.

"கேஸ் போட்டா அவரைப் பிடிச்சு உள்ளே வெச்சுடுவாங்களே, பிள்ளைங்க அப்பாவாச்சே" என்று தயங்குகிறீர்கள். குடும்ப வன்முறை மனு கைது செய்யும் வழக்கு இல்லை. பாதுகாப்பு, பணம், குடியிருப்பு, பிள்ளைகள், ஸ்ரீதனம் (கல்யாணத்துக்கு உங்களுக்குப் போட்ட நகை, சீர்) எல்லாவற்றையும் ஒரே மனுவில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்பது. உத்தரவு போட்ட பிறகு அவர் உங்கள் வீட்டுக்கோ கம்பெனி வாசலுக்கோ வந்து கலாட்டா செய்தால் அப்போதுதான் குற்றம், ஒரு வருடம் வரை சிறை. 498ஏ என்று எல்லோரும் சொல்வது (இப்போது பிஎன்எஸ் என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு) மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான தனி கிரிமினல் புகார். அதிலும் புகார் கொடுத்தவுடன் கைது என்பது கிடையாது. உங்கள் நோக்கம் பிரிந்து நிம்மதியாக வாழ்வதுதான் என்றால் முதலில் குடும்ப வன்முறை மனு, மற்றது தேவைப்பட்டால் பின்னால். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படி முடிவது அபூர்வம், அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

"வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னதால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது கோர்ட்டுக்கும் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு இருக்கும், ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்கலாம். தேதியும் காயமும் அதில் இருக்கும். காரணத்தை நீங்கள் இப்போது சொல்லுங்கள். அன்று ராத்திரி தோழிக்கு அனுப்பியதாக எழுதியிருக்கும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன்

எப்போது என்றால், முழுப் பரீட்சை முடிந்து லீவு விடும்போது கிளம்புவது பிள்ளைக்கு நல்லது, ஜூனில் புதுப் பள்ளி. ஆனால் அதற்காக ஆபத்தில் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை கை ஓங்கினால் அன்றே 181 பெண்கள் உதவி எண்ணுக்கு அடியுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 5 நாள் வரை தங்க வைப்பார்கள். கிளம்பும் நாளை அவர் வெளியூர் லோடு போகும் நாளாகப் பாருங்கள். "நான் போறேன் பார்" என்று முன்கூட்டிச் சவால் விடாதீர்கள், பெண் வெளியேறப் போகிறாள் என்று தெரியும் சமயம்தான் அடி மோசமாகும் சமயம்.

எடுக்க வேண்டியவை: மூவரின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் மார்க் ஷீட், பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, நகை தெரியும்படியான கல்யாண போட்டோ நாலைந்து. அசலை எடுக்க முடியாததைப் போட்டோ எடுங்கள்: அடகுச் சீட்டு, வண்டியின் ஆர்சி புத்தகம், அவர் லோடு கணக்கு எழுதும் நோட்டு. "எனக்கு வருமானமே இல்லை" என்று அவர் கோர்ட்டில் சொல்லும்போது அந்த நோட்டின் இரண்டு பக்கம் போதும். நகை யார் பேரில் அடகில் இருந்தாலும் ஸ்ரீதனம் உங்களுடையது, திருப்பித் தரச் சொல்லி அதே மனுவில் கேட்கலாம். ஏலத்துக்குப் போய்விடாமல் தடை கேட்க அடகுச் சீட்டின் எண் வேண்டும்.

அப்புறம் போன். உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி அவர் நம்பருக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சம்பளம் எடுக்கும் ஏடிஎம் எந்த ஏரியா என்பது அவருக்கு மெசேஜாகப் போகும். உங்கள் பேரில் சிம் வாங்கி வங்கியிலும் ஆதாரிலும் அதைக் கொடுங்கள். போனில் இருக்கும் கூகுள் கணக்கு அவர் போட்டுக் கொடுத்தது என்றால் புதுக் கணக்கு தொடங்குங்கள், லொகேஷன் அதில் தெரியும்.

குழுக் கடனை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பணத்தைக் கணவர்தான் எடுத்தார் என்பதை மனுவில் பொருளாதார வன்முறை என்று எழுதி அந்தத் தொகையைக் கேட்கலாம், அது அவர் மேல் நம் கோரிக்கை. கடன் கொடுத்தவருக்கு நீங்கள்தான் பொறுப்பு. நீங்கள் கட்டாவிட்டால் கூட இருக்கும் பெண்களை நெருக்குவார்கள். நாளைக்கு, "ஆமாங்க, அடிப்பாரு, எங்க காதுல விழும்" என்று உங்களுக்காகச் சாட்சி சொல்லப் போகிறவர்கள் அந்தப் பக்கத்து வீட்டுக் குழுப் பெண்கள்தான். போய்ச் சேர்ந்ததும் குழுத் தலைவிக்குப் போன் செய்து, தவணையை ஜிபேயில் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்புங்கள்.

திருப்பூர் கணக்கு

தோழி சொன்ன கணக்குப்படி ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரம் 3,000 ரூபாய், லைன் வீடு வாடகை 4,500, அட்வான்ஸ் 20,000. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவது. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆறு நாளும் அது நடக்காது. ஒரு ஷிப்ட் சம்பளத்துக்குக் கணக்குப் போடுங்கள், மிச்சம் வந்தால் லாபம். ஆர்டர் இல்லாத வாரங்களும் வரும். பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கும் கம்பெனியாகப் பாருங்கள், கைக்கு வருவது குறைகிறதே என்று வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கும் இஎஸ்ஐ-யில் வைத்தியம் உண்டு.

28,000-ல் 20,000 அட்வான்ஸுக்குப் போனால் அரிசி, கேஸ், பாய், பாத்திரத்துக்கு என்ன இருக்கும்? முதல் மாதம் தோழி வீட்டில் இருக்க முடியுமா பாருங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டு ஓனரிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்பதும் உண்மைதான், ஆனால் 13,500-க்குப் பேசிப் பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், உங்கள் பேரில் வேண்டும். வங்கிக்கும் ஆதார் முகவரி மாற்றவும் கோர்ட்டுக்கும் அதுதான் சான்று.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம் எனத் தோழி சொல்லித் தந்திருக்கிறார். வேண்டாம். ஆறு மாதத்தில் கோர்ட் கவர் வரும், இல்லையென்றால் அவரே வந்து நிற்பார், அன்று வீட்டுக்காரம்மா உங்கள் பக்கம் நின்று அவரை உள்ளே விடாமல் கதவைச் சாத்த வேண்டும். "தனியாத்தான் இருக்கேன், இந்தக் கம்பெனியில வேலை, ரெண்டு பிள்ளைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். திருப்பூரில் அந்தப் பதிலைக் கேட்டுப் பழகியவர்கள் நிறைய, ஒருவர் மறுத்தால் அடுத்த லைன்.

ரேஷன் அட்டைக்குக் கவலைப்பட வேண்டாம். உங்கள் பேர் இருக்கும் அட்டையை வைத்து மாநிலத்தில் வேறு கடையிலும் கைரேகை வைத்து வாங்க முடியும். ஆனால் அட்டை மாமியார் கையில் இருக்கிறது, மகளிர் உரிமைத்தொகையும் அட்டைக்கு ஒன்று என்பதால் அவருக்குத்தான் போகும். முகவரி மாறியதும் வட்ட வழங்கல் அலுவலகத்தில் பேர் நீக்கம் கேட்டுப் புது அட்டைக்கு எழுதிப் போடுங்கள், கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எண் 15100. இல்லாவிட்டால் திருப்பூர் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டுப் போங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் மனுவைக் கொடுக்கலாம், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். புது முகவரி அவருக்குத் தெரியக் கூடாது என்ற பயம் இருந்தால் மனு எழுதும்போதே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், கடிதத் தொடர்புக்கு வக்கீல் முகவரியைக் கொடுக்கக் கேட்கலாம். முதல் வாரச் சம்பளம் வாங்கியதும் சட்ட உதவி கேட்டுப் போங்கள். சனிக்கிழமை சம்பளம், திங்கள் காலை அரை நாள் பெர்மிஷன். ஏ.ஆர். காப்பி இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் போங்கள், அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.